ஒரு புள்ளிக்காரன்

முஹாரெமிடம் "உன்னால முடியாது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போச்சு. பொஸ்னியாவில் எங்கள் ஊரான ஸெனிட்சாவின் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டிய காலத்தில், ஜனவரிக் குளிரில் கிரேனின் உச்சியில் உட்கார்ந்து ஒரு ஆளால் சாப்பிட முடியாது என்று எவனோ வாய்தவறிச் சொல்லிவிட்டான். முஹாரெம் முழுப் பூரெக் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். இறைச்சி வைத்த அந்த ரொட்டியில் பாதியைக் காற்று கொண்டுபோனது, காது மடல் உறைந்து ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. ஆனாலும் தின்றுவிட்டுத்தான் இறங்கினான். வீம்பு! எங்கள் ஊர் மண்ணில் இரும்புத் தாதுவுக்கு அடுத்தபடியாக விளைகிற பொருள் அதுதான். முஹாரெமின் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே விளைந்தது.

போரின் கடைசி வருஷத்தில், ஓஸ்ரென் மலையில் பனி உருகிக்கொண்டிருந்த நேரத்தில், மோர்ட்டார் குண்டின் சில்லு ஒன்று அவன் முதுகில் பாய்ந்தது. மார்புக்குக் கீழே உடம்பு அவன் பேச்சைக் கேட்பதை அன்றோடு விட்டது. கால்கள் போனதைக்கூட அவன் ஒருவாறு ஏற்றுக்கொண்டான். இடுப்பு நிற்காமல் போனதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கையை எடுத்தால் முன்னால் சரிவான், பக்கத்தில் சாய்வான். கைக்குழந்தையைத் தலையணைக்கு நடுவே உட்கார வைப்பது போல அவனை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் போரோடு செத்துப்போனது. அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து, "வாடா, நாலு பேர் சேர்ந்து கீழே தூக்கிட்டுப் போறோம், காத்தாட உக்காந்து ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாம்" என்று கேட்டுப் பார்த்தார்கள்.

"நாலு பேர் தூக்கினா அதுக்குப் பேரு ஜனாஸா" என்றான் முஹாரெம். "எனக்குச் சாக இன்னும் நேரம் வரல. போங்கடா."

அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஆறு வருஷம் அந்த வீட்டுக்குள்ளேயே போனது. அவன் மனைவி ஷெஃபிகா கீழ்த்தெருவில் முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். காலையில் சின்னச் செம்புக் குடுவையில் காப்பி போட்டு அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் ஊர் வம்பு மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வருவாள். அவன் கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சிகரெட் பிடிப்பான். சோபா அவன் உருவத்துக்குப் பள்ளமாகிவிட்டது. அவள் வெளியே சிரிப்பாள், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுவாள். சுவர் அவ்வளவு தடிமன் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் படிக்கட்டில் 'டொக், டொக்' என்று சத்தம். ஃபிக்ரெத் வந்தான். போரில் முஹாரெமோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, அங்கே செயற்கைக் கால். மற்றபடி ஆள் கதவு நிறைய நிற்பான்.

"செத்துட்டியா இருக்கியான்னு பாக்க வந்தேன்" என்றான்.

"இருந்தா என்ன பண்ணப் போற?"

"இருந்தா கூடைப்பந்து ஆடக் கூப்பிடலாம்னு. சக்கர நாற்காலியில. நம்ம ஊர்ல குழு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம்."

முஹாரெம் சிரித்தான். அது நல்ல சிரிப்பு இல்லை. "கையை எடுத்தா நான் குப்புற விழுவேன். பந்தை எதால பிடிக்கறது, பல்லாலயா?"

"டேய், அதுக்காகத்தான்டா நீ வேணும்!" ஃபிக்ரெத் செயற்கைக் காலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தான். "கேளு. உடம்பு எவ்வளவு வேலை செய்யுதோ அந்த அளவுக்கு ஒவ்வொருத்தனுக்கும் ஸரஜேவோல சோதிச்சுப் புள்ளி தருவாங்க. எனக்கு நாலரை. அதுதான் உச்சம். களத்துல இருக்கற அஞ்சு பேரோட புள்ளியும் சேர்ந்து பதினாலைத் தாண்டக் கூடாது. நாலு பேருக்கே எங்களுக்குப் பதிமூணு ஆயிடுது. அஞ்சாவது ஆளு ஒரு புள்ளிக்காரனா இருந்தாத்தான் நாங்க எல்லாரும் ஒண்ணா இறங்க முடியும். ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடிட்டோம். உன்னை மாதிரி மோசமா அடிபட்டவன் ஒருத்தனும் இல்ல."

"ஒண்ணா?" முஹாரெமின் முகம் சிவந்தது.

எங்கள் பள்ளிக்கூடங்களில் ஐந்து வாங்கினால் கெட்டிக்காரன், ஒன்று வாங்கினால் ஃபெயில். அந்த ஒன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவதைவிட ஆற்றில் குதிப்பது மேல் என்று நினைக்காத பையன் பொஸ்னியாவில் கிடையாது.

"கணக்குல ஒரே ஒரு தடவை ஒண்ணு வாங்கினேன். எங்கப்பன் அடிச்ச அடியில அவரு பெல்ட்டே அறுந்துபோச்சு. இந்த வயசுல மறுபடியும் ஒண்ணு வாங்கறதுக்கு நான் ஸரஜேவோ வரைக்கும் வரணுமா? போடா!"

ஃபிக்ரெத் சாவகாசமாகக் காப்பியைக் குடித்து முடித்தான், காலை மாட்டிக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி, "சரி விடு. உன்னால முடியாதுன்னு நம்ம பசங்ககிட்ட நான் அப்பவே சொன்னேன்" என்றான்.

அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, அந்த மாடிவீட்டுக்காரர்கள் ஒரு காட்சியைக் கண்டார்கள். முஹாரெம் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, படி படியாகப் பின்பக்கத்தால் இறங்கிக்கொண்டிருந்தான். பின்னால் ஷெஃபிகா சக்கர நாற்காலியை இழுத்துக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது.

"என்ன பாக்கறீங்க? படியைத் துடைக்கிறேன்" என்றான் முஹாரெம். "உங்கள்ள ஒருத்தரும் துடைக்கறதா தெரியல."

பயிற்சி, குளிரில் விறைத்த ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில். பயிற்சியாளர் ஸ்திபே, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆலைச் சங்கு. நாற்காலிகள் எங்கிருந்தோ தானமாக வந்தவை. ஒன்று இடப்பக்கம் இழுக்கும், இன்னொன்று நரி போல ஊளையிடும். முஹாரெமுக்கு ஊளையிடுகிற நாற்காலி கிடைத்தது.

ஸ்திபே அவனுக்குப் பந்து வீசக் கற்றுத் தரவில்லை, மறிக்கக் கற்றுத் தந்தார். எதிராளி வரும் வழியில் முன்கூட்டியே போய் நாற்காலியைக் குறுக்கே நிறுத்த வேண்டும். அவன் சக்கரம் உன் சக்கரத்தில் முட்டி நிற்கும் அந்த நொடியில் ஃபிக்ரெத் கூடைக்குப் போய்விடுவான். கைதட்டல் அவனுக்கு, இடி உனக்கு. "நம்ம குழுவுக்கு நீதான்யா கதவு" என்பார் ஸ்திபே. "கதவுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க. ஆனா அது இல்லாம வீடு ஏது?"

கிரேன் ஓட்டியவனுக்கு இது கைவந்தது. இருபது டன் உலோகம் அடுத்த நிமிஷம் எங்கே இருக்கும் என்று பார்த்துப் பழகிய கண் அது. ஒரு மாதத்தில் அவன் இருக்கிற இடத்தைத் தாண்டி யாரும் போக முடியவில்லை. தோளெல்லாம் வலி. அந்த வலியைத் தடவிக்கொண்டே சிரித்தபடி வீடு வருவான். சோபாவில் பகல் தூக்கம் போனது. ஜெர்சியைச் சரியாக அலசவில்லை என்று ஷெஃபிகாவோடு சண்டை போட ஆரம்பித்தான். ஆறு வருஷம் சண்டைகூடப் போடாத மனுஷன்! அவள் பூரித்துப் போனாள்.

விழுவது மட்டும் பெரிய பாடு. மறிக்கிறவன் விழாமல் இருக்க முடியாது. மற்றவர்கள் விழுந்தால் உருண்டு எழுவார்கள், இவனால் முடியாது. யாராவது தூக்க வந்தால், "கிட்ட வந்தே, மண்டையைப் பொளந்துடுவேன்" என்று உறுமுவான். கடைசியில் ஒரு வழக்கம் உண்டானது. முஹாரெம் விழுந்தால் எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். ஸ்திபே மட்டும் வந்து, வேறெங்கோ பார்த்தபடியே தூக்கி வைப்பார். பிறகு, ஒன்றுமே நடக்காதது போல ஆட்டம் தொடரும்.

வசந்தத்தில் ஸரஜேவோவில் போட்டி. காலையில் புள்ளி கொடுக்கும் சோதனை, சாயங்காலம் முதல் ஆட்டம். எதிரணி யார் என்று பேருந்தில்தான் ஸ்திபே சொன்னார். ஓஸ்ரென் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். போரில் எதிர்ப்பக்கம் கிடந்தவர்கள். முஹாரெம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் முதுகில் பாய்ந்த சில்லு அந்தப் பக்கத்திலிருந்துதானே வந்தது!

அரங்கில் இறங்கியதும், ஆட்டம் பார்க்கக் கூடவே வந்திருந்த ஷெஃபிகாவைத் தனியே கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் முதுகுக்குக் கொடுத்த, இரும்புப் பட்டை வைத்த இறுக்குக் கச்சை ஒன்று அவன் பையில் இருந்தது. அதைச் சட்டைக்குள் கட்டிவிடச் சொன்னான்.

"இவ்வளவு இறுக்கமாவா? மூச்சு முட்டாதா?"

"குளிருது. இழுத்துக் கட்டு."

சோதனை செய்தவர் டாக்டர் நெவென்கா. நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. சுவரோரமாக எதிரணிக்காரர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன், இரண்டு காலும் தொடையோடு போனவன், நெஞ்சு மட்டும் பீப்பாய் போல இருந்தவன், கையைக் கட்டிக்கொண்டு முஹாரெமையே பார்த்தான். பெயர் வித்தோமிர்.

இவன் முன்னால் நான் விழுவதா? முஹாரெம் பல்லைக் கடித்தான். கச்சை அவனைக் கம்பமாக நிறுத்தியது. டாக்டர் குனியச் சொன்னபோது குனிந்தான். தலையையும் தோளையும் வெடுக்கென்று பின்னால் வீசி, அந்த வேகத்திலேயே நிமிர்ந்தான். பக்கத்தில் சாயச் சொன்னபோதும் அப்படியே. வியர்வை கண்ணில் இறங்கியது. வித்தோமிர் புருவத்தை உயர்த்தினான். முஹாரெமுக்கு உள்ளம் குளிர்ந்தது.

"இரண்டு" என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடத்தில் பாஸானவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் குழுவிடம் வந்தான். அங்கே ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஸ்திபே தொப்பியைக் கழற்றித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இரண்டா?" என்றான் ஃபிக்ரெத். "பதிமூணும் ரெண்டும் எவ்வளவுடா? கணக்குல ஒண்ணு வாங்கினவனே, சொல்லு!"

முஹாரெம் விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தான். பதினைந்து.

"உலகத்துல எல்லா எடத்துலயும் நல்லா இருக்கறவன் நொண்டி மாதிரி நடிச்சுப் புள்ளியைக் குறைப்பான். நொண்டி ஒருத்தன் நல்லா இருக்கற மாதிரி நடிச்சு, சொந்தக் குழுவையே கவுத்த கதையை எங்கயாவது கேட்டிருக்கியா? நம்ம ஊர்லதான்டா இப்படி ஒருத்தன் பொறப்பான்!"

ஸ்திபே திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். "உன்னை இறக்கினா ஃபிக்ரெத்தை வெளிய வைக்கணும். அது ஆகாது. நீ பெஞ்சுப் பக்கம் இரு முஹாரெம்" என்றார். மற்றவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஷெஃபிகா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

"குளிருதுன்னு சொன்னே."

அவன் கச்சையின் விளிம்பைச் சட்டைக்குள் தள்ளினான்.

"நீ விழறதை யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே ஆறு வருஷம் அந்தச் சோபாவுல கிடந்தே? நானும் உன்கூடக் கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. இப்ப எவனோ ஒருத்தன் பாக்கறான்னு மறுபடியும் அதே சோபாவுக்குப் போகப் போறியா? போ. ஆனா இந்தத் தடவை நான் வரமாட்டேன் முஹாரெம். எனக்கு அலுத்துப்போச்சு. நான் இங்கயே உக்காந்து ஃபிக்ரெத் ஆடறதைப் பாக்கறேன்."

அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை. முஹாரெமுக்கு அந்தக் கச்சை அப்போதுதான் உண்மையிலேயே மூச்சை முட்டியது. அந்த வீடு, அந்தச் சோபா, அடுத்த ஆறு வருஷம், அதற்கடுத்த ஆறு. பயந்துவிட்டான். மோர்ட்டாருக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

"கழட்டு" என்றான். அவள் கழற்றினாள். அவன் பாதி சரிந்து, கையூன்றி நிமிர்ந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான்.

டாக்டர் நெவென்கா சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, காலையில உங்களை ஏமாத்திட்டேன். உள்ள கச்சை கட்டியிருந்தேன். எனக்கு ரெண்டு இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தார். "குறைச்சுக் காட்டறவங்களை நிறையப் பிடிச்சிருக்கேன். கூட்டிக் காட்டினவரை இப்பதான் பாக்கறேன். அதுவும் நம்பற மாதிரி இல்ல. காலையில நடிச்சீங்களா, இப்ப நடிக்கிறீங்களா?"

"மறுபடியும் சோதிங்க."

"சோதிக்கலாம். ஆனா புள்ளியை மாத்தறதுன்னா எதிரணியும் இருந்து பாக்கணும். அப்புறம் அவங்க சண்டைக்கு வரக் கூடாது. களத்துக்கு நடுவுல, எல்லாரும் பாக்க. சரியா?"

முஹாரெம் நாற்காலியைக் களத்தின் பக்கம் திருப்பினான். "சரி."

எதிரணி ஒரு பக்கம் வரிசையாக நின்றது. ஸெனிட்சாக்காரர்கள் ஒரு பக்கம். முஹாரெம் நடுவில். கையை எடுக்கச் சொல்லப் போகிறார்கள் என்றதும், பழக்க தோஷம், ஃபிக்ரெத்தும் மற்றவர்களும் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.

"திரும்புங்கடா!" என்று கத்தினான் முஹாரெம். அரங்கே அதிர்ந்தது. "இந்தப் பக்கம் திரும்புங்க. பாருங்க. எல்லாரும் பாருங்க!"

திரும்பினார்கள்.

கையைத் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். தோளில் ஒரு விரலால் தொட்டார். முஹாரெம் முன்னால் மடிந்தான். நெற்றி முழங்காலில் போய் இடித்தது. "கை ஊனாம நிமிருங்க." முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது, தோள் துடித்தது, முதுகு சும்மா கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று தெரியவில்லை. பின் பக்கவாட்டில் தொட்டார். இந்தத் தடவை நாற்காலியோடு சேர்ந்து தரையில் சாய்ந்தான். கன்னம் பலகையில் ஒட்டியது. ஷூக்களும் சக்கரங்களும் கண்ணுக்கு நேரே தெரிந்தன. இதற்குத்தானா இத்தனை வருஷம் பயந்தேன் என்று தோன்றியது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் உயிர் போகவில்லை.

ஸ்திபேயும் டாக்டருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். "ஒன்று" என்றார் டாக்டர்.

எதிர்வரிசையிலிருந்து ஒரு பெருமூச்சு. வித்தோமிர்தான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அருகே வந்தான்.

"ஓஸ்ரென்லயா அடிபட்டே?"

"ஆமா."

"நானும் அங்கதான் இருந்தேன்." கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "ரெண்டு வருஷமா ஒரு புள்ளிக்காரன் கிடைக்காம அல்லாடறோம்யா. இது என்ன நியாயம் சொல்லு? எங்க பசங்க குறிபாத்து அடிச்சு உங்களுக்கு ஜம்முனு ஒரு 'ஒண்ணு' பண்ணிக் குடுத்திருக்காங்க. உங்க பசங்க குடிகாரப் பசங்க, எங்க எல்லாரையும் இடுப்புக்குக் கீழயே அடிச்சு வச்சிருக்கானுங்க!"

ஃபிக்ரெத் பந்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

முஹாரெம் அவனையே பார்த்தான். உள்ளே எங்கோ ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று விடுபட்டது. சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கையை எடுத்தால் விழுவான் என்பதால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"அப்பவே சொல்லியிருந்தா உங்களுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுத்திருப்போமே" என்றான்.

வித்தோமிர் அரங்கம் இடியும்படி சிரித்தான். "சாயங்காலம் பாக்கறேன் உன்னை."

"வழியில நான்தான் இருப்பேன். தாராளமா பாரு."

அந்த ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். முஹாரெம் ஒரு கூடையும் போடவில்லை, பந்தை இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொடவும் இல்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. வித்தோமிர் போகிற பக்கமெல்லாம் ஒரு நாற்காலி ஊளையிட்டுக்கொண்டு குறுக்கே வந்தது. வலப்பக்கம் போனால் அங்கே. இடப்பக்கம் வெட்டினால் அங்கேயும். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று வித்தோமிர் பாதி ஆட்டத்தில் கத்தினான். "இல்ல" என்றான் முஹாரெம், மகா திருப்தியோடு. வேலை கிடைத்தவனின் திருப்தி அது.

கடைசி நிமிஷத்தில் எதிரணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து ஃபிக்ரெத் கையில். அவனுக்கும் கூடைக்கும் நடுவே பாய்ந்து வந்தான் வித்தோமிர். அவன் எங்கே வந்து சேருவான் என்பது முஹாரெமுக்கு அவன் கிளம்பும் முன்பே தெரிந்தது. இரண்டு தள்ளு தள்ளி அங்கே போய்க் குறுக்கே நின்று, சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். இடி! உலோகத்தின் மேல் உலோகம். முஹாரெம் நாற்காலியோடு கவிழ்ந்து, பின்மண்டை தரையில் மோத, மல்லாந்து விழுந்தான்.

அரங்கம் முழுவதும் எழுந்து நின்று என்னவோ கத்தியது. விளக்குகள் கண்ணில் குத்தின. ஸ்திபே ஓடிவந்தார், டாக்டர் ஓடிவந்தார், வித்தோமிர் மேலிருந்து குனிந்து பார்த்தான், ஷெஃபிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு ஊரே சுற்றி நின்று அவன் தரையில் கிடப்பதைப் பார்த்தது.

முஹாரெம் அவர்களுடைய கால்களுக்கு நடுவே தலையைத் திருப்பித் திருப்பிக் கூடையைத் தேடினான்.

"நகருங்கய்யா, மறைக்குது!" என்றான். "பந்து உள்ள போச்சா இல்லையா, யாராவது சொல்லித் தொலைங்களேன்!"